பெயரும் படைக்கலமும்: வீடியோ விளையாட்டுகளில் சீன வீரர் உருவங்கள்

மொழிபெயர்ப்பை மூவகையாகப் பகுத்த ரோமன் யாக்கோப்சன் (1959), ஒரு மொழிக்குள்ளேயே நிகழ்வது, இரு மொழிகளுக்கிடையே நிகழ்வது என்பவற்றோடு, மொழிக் குறியிலிருந்து மொழியல்லாத குறிக்கு மாறுவதையும் ஒரு வகையாகக் கொண்டார். சொல் ஓவியமாகவும் நடனமாகவும் திரைப்படமாகவும் மாறுவது இம்மூன்றாம் வகை. அவர் காலத்தில் இல்லாத வீடியோ விளையாட்டையும் இன்று இவ்வகையில் அடக்கலாம். பழங்கதைகளையும் வரலாற்றையும் களமாகக் கொண்ட மிகைபுனைவு விளையாட்டுகளில் சொல்லால் அறியப்பட்ட வீரன் ஒருவனுக்கு முகம், உடை, கவசம், படைக்கலம் ஆகிய யாவும் வரைந்து தரப்பட வேண்டியுள்ளன. நூல் சொல்லாமல் விட்டதையும் ஓவியர் வரைந்தே ஆக வேண்டும்.

இவ்வாறு வரையப்படும் சீன வீரர் உருவங்கள் வரலாற்றுக்குப் பொருந்துமா என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. பொருந்தா என்று விடை கூறிவிடுவது எளிது. எந்த நூலுக்குப் பொருந்தவில்லை, எந்த நூலுக்குப் பொருந்துகிறது எனக் கேட்கும்போதுதான் அவ்வினா மொழிபெயர்ப்பாளர்க்கு உரியதாகிறது. சீனத்தின் மூன்று அரசுகள் காலத்து (கி.பி. 220-280) வீரர்களையும் அதற்குச் சற்று முற்பட்டோரையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

குவான் யூவின் கையிலிருந்தது

கி.பி. 200இல் பைமா என்னுமிடத்தில் நடந்த போரில் குவான் யூ, யான் லியாங் என்னும் பகைத்தலைவனைக் கொன்றான். இதனை, மூன்று அரசுகளின் வரலாற்றை எழுதிய சென் ஷோ (233-297) மிகச் சுருக்கமாகப் பதிவு செய்துள்ளார். குதிரையைச் செலுத்திச் சென்று, பெருந்திரளின் நடுவே பகைவனைக் குத்தி, தலையை அறுத்துக்கொண்டு மீண்டான் என்பதே அவர் தரும் செய்தியின் சாரம். படைக்கலத்தின் பெயர் அங்கு இல்லை. ஆனால் வினைச்சொல் உள்ளது. அவ்வினை குத்துதலைக் குறிப்பது; வெட்டுதலைக் குறிக்கும் வேறொரு வினை தலையை அறுத்தமைக்கே ஆளப்படுகிறது. குத்தியது வேல் போன்றதொரு நெடுங்கருவியாகவும், தலையை அறுத்தது இடையில் செருகிய வாளாகவும் இருக்கலாம் எனக் கொள்வதற்கு இவ்விரு வினைகளே இடம் தருகின்றன. ஒரு வினைச்சொல்லைக் கொண்டு படைக்கலம் இன்னதென உறுதியாக முடிவு கட்ட இயலாது என்பதும் உண்மையே. எனினும் இன்று உலகறிந்த குவான் யூவின் கருவி வெட்டுங்கருவி. நீண்ட கழியின் நுனியில் அகன்ற, வளைந்த அலகு பொருத்தப்பட்டது. வீசி வெட்டுவதற்கே அமைந்தது.

சீனத்தில் இதற்கு ‘யான்யுவேதாவ்’ என்று பெயர்; சாய்ந்து கிடக்கும் பிறை போன்ற வாள் என்பது பொருள். போர்க்கருவிகளைத் தொகுத்துக் கூறும் வூஜிங் சோங்யாவ் என்ற சோங் காலத்து நூல் (1044) இவ்வகை வாளைக் காட்டுகிறது. இன்று கிடைக்கும் அந்நூலின் படங்கள் மிங் காலப் பதிப்புகளின் வழி வந்தவை. எவ்வாறாயினும் குவான் யூ இறந்து எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே இக்கருவி நூலில் இடம்பெறுகிறது. அதனை அவன் கையில் நிலைபெறச் செய்தது, 14ஆம் நூற்றாண்டினரான லுவோ குவான்சோங் இயற்றியதாகக் கருதப்படும் ‘மூன்று அரசுகள்’ நாவல். அதன் பழைய அச்சுப்பதிப்பு 1522ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆங்கிலம் வழியாகப் பரவியுள்ள ‘குவான்தாவ்’ என்னும் பெயர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குவானுடைய வாள் என்பது அதன் பொருள். அவன் ஏந்தியிராத கருவிக்கு அவன் பெயரே இடப்பட்டுவிட்டதால், ‘குவான் யூ குவான்தாவ் ஏந்தவில்லை’ என்று எழுத நேரும் ஆய்வாளர் தம் வாக்கியத்தோடு தாமே முரண்படுவதுபோல் தோன்றுகிறார்.

இக்கருவியின் எடை 82 ஜின் என்று நாவல் கூறுகிறது. இதனை மொழிபெயர்ப்போர்க்கு ஓர் இடர் உண்டு. கிழக்கு ஹான் காலத்து ஜின் ஏறத்தாழ 220 கிராம். அக்கணக்கில் கருவியின் எடை 18 கிலோ. நாவல் உருப்பெற்ற மிங் காலத்து ஜின் ஏறத்தாழ 590 கிராம். அக்கணக்கில் 48 கிலோ. கதை நிகழும் காலத்தின் அளவையைக் கொள்வதா, கதை சொல்லப்பட்ட காலத்தின் அளவையைக் கொள்வதா? இரண்டுமே போரில் ஏந்தத் தகாத எடைகள்தாம். சிங் காலத்துப் படைத்தேர்வுகளில் வலிமையைச் சோதிக்க 80, 100, 120 ஜின் எடையுள்ள வாள்கள் தூக்கச் சொல்லப்பட்டன. அவை தேர்வுக்கருவிகளே அன்றிப் போர்க்கருவிகள் அல்ல. விளையாட்டு ஓவியர் அலகை மனித உடலைக் காட்டிலும் பெரிதாக வரையும்போது, வரலாற்றை மீறினாலும் நாவலின் எண்ணுக்கு உண்மையாக நடந்துகொள்கிறார் எனலாம்.

எய்யப்பட்ட கருவியும் ஏந்தப்பட்ட கருவியும்

லூ பூ என்பவனின் நிலை இதனினும் விந்தையானது. விளையாட்டுகளில் இவன் ஏந்துவது ‘ஃபாங்தியன் ஹுவாஜி’. வேல்முனையின் பக்கத்தில் பிறை வடிவ அலகு பொருத்தியது. இப்பெயரின் இறுதியிலுள்ள ‘ஜி’ என்ற சொல் மிகப் பழையது. ஆனால் ஹான் காலத்தில் அச்சொல் குறித்த பொருள் வேறு. அகழ்ந்தெடுக்கப்பட்ட ஹான் காலத்து இரும்பு ஜிகள் நேராக நிற்கும் ஒரு முனையும், அதிலிருந்து செங்கோணமாகப் பிரியும் ஒரு சிறு கிளையும் கொண்டவை. பிறை அலகு அவற்றில் இல்லை. சென் ஷோவின் வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி இதனோடு பொருந்துகிறது. கி.பி. 196இல் இரு படைகளுக்கிடையே சந்து செய்ய முனைந்த லூ பூ, பாசறை வாயிலில் ஒரு ஜியை நட்டு, அதன் சிறு கிளையை அம்பெய்து தைத்தால் இரு தரப்பும் விலக வேண்டும் என்று கூறி, அவ்வாறே எய்து வென்றான். நூல் கூறும் ‘சிறு கிளை’ அகழாய்வில் கிடைத்த கருவியில் கண்ணெதிரே நிற்கிறது. சொல்லும் பொருளும் ஒரே காலத்தினவாக இவ்வளவு தெளிவாகக் கூடும் இடங்கள் அரியன.

ஆயின் அந்நிகழ்ச்சியில் ஜி அவன் எய்த இலக்கே தவிர அவன் ஏந்திய கருவி அன்று. மற்றோரிடத்தில் தோங் சுவோ சினங்கொண்டு அவன்மீது ஒரு கைஜியை வீசி எறிகிறான். கி.பி. 192இல் லூ பூ அந்தத் தோங் சுவோவைக் கொன்றபோது அவன் கையில் வேல் இருந்ததாகவே 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த பிற்கால ஹான் வரலாறு கூறுகிறது. அவன் எய்ததும் அவன்மேல் எறியப்பட்டதும் ஜி. அவன் குத்தியது வேலால். பின்வந்த கதைமரபு எய்த கருவியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டது.

‘ஹுவாஜி’ என்ற சொல்லில் ‘ஹுவா’ வண்ணம் தீட்டியது எனப் பொருள்படும். தாங் காலத்தில் ஜி போர்க்களத்திலிருந்து விலகி, உயர்குடியினர் வாயிலில் தகுதியை அறிவிக்கும் வரிசைக்கருவியாக நின்றது. 706இல் அமைந்த இளவரசர் யீதேயின் கல்லறைச் சுவரோவியங்களில் தாங்கிகளில் வரிசையாக நிறுத்தப்பட்ட ஜிகளைக் காணலாம். அணிக்கருவியாகிவிட்ட ஒன்றன் பெயரையே நாவல் போர்க்கருவிக்கு வழங்கியது.

இதன்மேல் மொழிபெயர்ப்பு இன்னோர் அடுக்கைச் சேர்த்தது. நாவலை ஆங்கிலத்தில் முதன்முதலாக முழுமையாகத் தந்த பிரூயிட்-டெய்லரின் பெயர்ப்பு (1925) தொட்டு, ஜி என்பதற்கு ‘ஹால்பர்ட்’ என்ற சொல் வழங்கி வருகிறது. ஐரோப்பியர் அறிந்த ஹால்பர்ட், சுவிஸ் காலாட்படையினர் ஏந்திய கோடரி அலகும் கூர்முனையும் கொண்ட கருவி. கோடரி அலகு ஜியில் இல்லை. இச்சொல்லை மட்டும் கண்டு வரையும் ஓவியர் கையில் உருவாவது எதுவாக இருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேடை தந்த குறிகள்

நாவலாலும் விளக்க முடியாத கூறுகள் பல. லூ பூவின் தலையில் ஆளுயரம் வளைந்தாடும் இரு நெடுந்தோகைகள், முதுகில் விரியும் கொடிகள் ஆகியவற்றை நிலைநிறுத்தியது சீன இசைநாடக மேடை. நாடக உடையின் அடிப்படை மிங் கால உடை. கதை எக்காலத்ததாயினும் மரபான மேடையில் அதே உடைதான். எனவே நாடக உடை காலத்தைச் சுட்டுவதில்லை. பாத்திரத்தின் வகையையும் குணத்தையும் சுட்டுகிறது. செம்முகம் வாய்மையைக் காட்டும். வெண்முகம் வஞ்சத்தைக் காட்டும். நெடுந்தோகை இளமையின் வீறைக் காட்டும்.

இறகு சூடும் வழக்கமே பொய்யென்று தள்ளிவிடவும் கூடாது. ஹான் காலப் படை அலுவலர் ‘ஹெ’ என்னும் பறவையின் இறகுகள் இரண்டைத் தலையணியின் இருபுறமும் நிமிர்த்திச் சூடியதாகப் பிற்கால ஹான் வரலாற்றின் உடை பற்றிய பகுதி கூறுகிறது. சாகும் வரை போரிடும் பறவை என அது கருதப்பட்டது. அவ்விறகு குட்டையானது, நாடகத் தோகைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பைக் காட்டச் சான்றில்லை.

விளையாட்டு ஓவியர் மேடையின் பக்கம் சாய்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றுண்டு. மூன்றாம் நூற்றாண்டின் உண்மைத் தோற்றத்துக்கு நெருங்கிய சான்றுகள் ஜின் அரச காலத்துக் கல்லறைச் சுடுமண் பாவைகள். அவற்றில் வீரர் குறுங்கையுடைய சட்டை போன்ற தகட்டுக் கவசம் அணிந்து, ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் நிற்கின்றனர். நூற்றுக்கணக்கானோர் மோதும் திரையில் ஆடுபவர் தம் வீரனை ஒரு நொடியில் அடையாளம் காண வேண்டும். இத்தேவையைக் கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்காக நாடக மேடை முன்னரே நிறைவு செய்திருந்தது. ஆகவே இது ஓர் ஆயத்தக் குறியமைப்பைக் கடன் வாங்கியதாகும். அறியாமை என்று மட்டும் கூறி ஒதுக்கத்தக்கதன்று.

இக்கடன் வந்த வழியும் கருதத்தக்கது. இவ்வுருவங்களை உலகெங்கும் பரப்பிய விளையாட்டுகளுள் முன்னிற்பவை ஜப்பானில் ஆக்கப்பட்டவை. நாவல் 1689-92 காலத்திலேயே ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டுவிட்டது. யோஷிகாவா எய்ஜி அதனை 1939-43இல் புதிதாக எழுதினார். யோகோயாமா மித்சுதேரு 1971 முதல் படக்கதையாக வரைந்தார். கோயெய் நிறுவனம் 1985இல் உத்தி விளையாட்டாகவும், 1997 முதல் ‘டைனஸ்டி வாரியர்ஸ்’ என ஆங்கிலத்தில் வழங்கும் போர் விளையாட்டு வரிசையாகவும் ஆக்கியது. ஆக, திரையில் தோன்றும் வீரன் பல பெயர்ப்புகளைக் கடந்து வந்தவன். பெயர்களும் இவ்வழியில் தேய்ந்தன. ஜப்பானிய ஒலிப்பில் லூ பூ ‘ர்யோஃபு’ ஆகிறான். ஆங்கில வரிவடிவில், லூ பூவின் குடிப்பெயரிலுள்ள இதழ்குவி முன்னுயிர், உயிரெழுத்தின் மேலிட்ட புள்ளிகள் நீங்கியதால் மறைந்து, லூ சு, லூ சுன் முதலிய வேறு குடிப்பெயரினரோடு அவன் ஒன்றாகிவிட்டான். ஆங்கிலம் வழியாகத் தமிழில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு தென்படவே வாய்ப்பில்லை; தமிழெழுத்தில் அதனைக் காட்டுவதும் அரிது.

2019இல் வெளிவந்த ‘டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்’ என்ற பிரிட்டிஷ் ஆக்கம் நாவல்முறை, வரலாற்றுமுறை என இரு முறைகளில் ஆட இடமளித்தது. முன்னதில் தலைவன் ஒருவனே நூற்றுவரை வெல்வான். பின்னதில் மெய்க்காவற்படை சூழ நிற்கும் மனிதனாகவே இருப்பான். எந்த நூலைப் பின்பற்றுகிறோம் என்பதை ஆடுபவர்க்கே அறிவித்த இம்முறை பாராட்டத்தக்கது.

கவசப் பெயர்களின் சிக்கல்

படைக்கலத்தைவிடக் கவசத்தில் பிழை நுண்மையானது. பெயரும் உண்மை, படிமமும் உண்மை. இரண்டையும் இணைத்தது மட்டும் ஐயத்துக்குரியதாக இருக்கக்கூடும்.

ஹான் காலக் கவசத்துக்குத் திண்ணமான சான்று உண்டு. கி.மு. 113இல் இறந்த சோங்ஷான் அரசர் லியூ ஷெங்கின் கல்லறை 1968இல் ஹெபெய் மாநிலம் மான்செங்கில் அகழப்பட்டது. அங்குக் கிடைத்த இரும்புக் கவசத்தில் 2859 தகடுகள். எடை 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சீன ஆய்வாளர் இவ்வகையை மீன்செதிற்கவசம் என்பர். மேலைநாட்டுக் கலைச்சொல்லாட்சியிலோ செதிற்கவசம் என்பது துணியிலோ தோலிலோ தகடுகளைத் தைத்துப் பதித்தது. தகடுகளை ஒன்றோடொன்று கயிற்றால் கோத்தது வேறு வகை. லியூ ஷெங்கின் கவசம் கோத்த வகையைச் சேர்ந்தது. சீனச் சொல் தகட்டின் தோற்றத்தையும் மேலைச் சொல் இணைப்பு முறையையும் கருதிப் பிறந்தவை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் மாறிப் போகும்.

‘மிங்குவாங்’ கவசம் அடுத்தது. பேரொளி என்பது சொற்பொருள். சாவ் சாவின் மகனும் கவிஞருமான சாவ் சீ (192-232), தந்தை தமக்கு அளித்த கவசங்களைக் குறிப்பிடும் விண்ணப்பத்தில் இப்பெயர் வருகிறது. பிற்காலத் தொகைநூல்கள் அதனைக் காத்துள்ளன. எனவே மூன்றாம் நூற்றாண்டு வீரனுக்கு மிங்குவாங் கவசம் அணிவித்தால் பெயரளவில் பிழையில்லை. ஆனால் இன்று அப்பெயரால் வரையப்படுவது, மார்பில் இரு பெரிய வட்டத் தகடுகள் மின்னும் கவசம். அவ்வடிவம் தெளிவாகக் காணப்படுவது வட அரசுகள் காலத்திலிருந்து தாங் காலம் வரையிலான பாவைகளில். சாவ் சீயின் கவசம் அவ்வடிவினது என்று கூற அவருடைய சொல் ஒன்றும் இடம் தரவில்லை.

எல்லாவற்றிலும் மிகச் சிக்கலானது ‘ஷான்வென்’, அதாவது மலைவரிக் கவசம். விளையாட்டுகளில் சீன வீரன் என்றாலே முக்கிளை விண்மீன் போன்ற துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிய கவசம் காணப்படும். தாங் அரசின் ஆட்சித்துறைகளைத் தொகுத்துக் கூறும் 8ஆம் நூற்றாண்டு நூல் பதின்மூன்று கவச வகைகளைப் பட்டியலிடுகிறது. ஷான்வென் அவற்றுள் ஒன்று. அது இரும்பாலானது என்பதைத் தவிர அதன் அமைப்பைப் பற்றி அந்நூல் கூறவில்லை. முக்கிளைத் துண்டுகள் பழைய சிற்பங்களிலும் கோயில் ஓவியங்களிலும் நிறையக் காணப்படுகின்றன. அவற்றுக்கு இப்பெயரைப் பொருத்தியது பிற்கால ஊகம். அத்தகைய துண்டுகளாலான பழங்கவசம் ஒன்றுகூட அகழ்வில் கிடைத்ததில்லை. உண்மைக் கவசத்தையே சிற்பிகள் காட்டினர் என்போரும், வளையக் கவசத்தையோ சிறுதகட்டுக் கவசத்தையோ காட்டச் சிற்பிகள் கையாண்ட மரபுக்குறியே அது என்போரும் உளர். பெயர் நிலைத்து, பொருள் மறைந்து, பின்னர் படிமம் ஒன்று அவ்வெற்றிடத்தில் வந்தமர்வது தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. யாழின் வரலாறு அதனை நன்கு கற்பித்துள்ளது.

அக்கவசப் படிமங்களைத் தந்த சிற்பங்களுள் ஒரு பெரும்பகுதி மனித வீரருடையவை அல்ல. அவை பௌத்தத் திசைக்காவலரான நான்கு தேவராசர்களுடையவை. தாங் காலக் கல்லறைகளில் வாயில் காப்போராகவும் அவர்கள் வைக்கப்பட்டனர். இவர்களுள் வடதிசைக்குரிய வைசிரவணன் இந்தியாவிலிருந்து சென்றவன். பார்குத் தூபியின் கல்வேலியில் குபேரன் வேட்டியுடுத்து, திறந்த மார்புடன், கைகூப்பி நிற்கிறான். கவசம் அவனுக்குச் செல்லும் வழியில் நடு ஆசியாவில் வாய்த்தது. அக்கவசத்தை இன்று திரையில் சீன மனித வீரன் அணிகிறான்.

காலத்துக்கா, கதைக்கா

2024 ஆகஸ்டில் வெளிவந்த ‘பிளாக் மித்: வூகோங்’ மேற்கூறிய வினாவை வேறு திசையில் திருப்புகிறது. இதன் மூலமான ‘மேற்கு நோக்கிய பயணம்’ சுவான்சாங்கின் (602-664) இந்தியப் பயணத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் கதையாக அது உருப்பெற்றது 16ஆம் நூற்றாண்டில், கிடைக்கும் முழுமையான பழைய பதிப்பு 1592க்குரியது. விளையாட்டை ஆக்கிய சீன நிறுவனத்தார் பழைய கோயில்களையும் சிற்பங்களையும் நேரில் அளந்து பதிவு செய்து திரையில் அமைத்தனர். அவ்வாறு இடம்பெற்ற 36 இடங்களில் 27 ஷான்சி மாநிலத்தைச் சேர்ந்தவை. 1629இல் நிறுவப்பட்ட சியாவ்சிதியன் கோயிலின் தொங்கு சிற்பங்களும் அவற்றுள் அடங்கும். இவ்விளையாட்டில் வரும் தேவப்படையினரின் கவசம் ஏழாம் நூற்றாண்டுப் போர்க்களத்துக்குப் பொருந்தாது. நாவலை முதலில் படித்தவர்கள் கோயிலுக்குள் சென்று கண்ட தெய்வ உருவங்களுக்கு அது மிக நெருங்கியது. மூலநூலுக்கு உண்மையாக இருத்தல் என்பதனை மொழிபெயர்ப்பாளர் எப்பொருளில் கொள்கின்றனரோ அப்பொருளில், மூன்று அரசுகள் விளையாட்டுகள் பலவற்றினும் இது சிறந்த பெயர்ப்பாகும்.

இதே அளவுகோலால் சிறு பிழைகளையும் பெரும் பிழைகளையும் பிரித்துவிடலாம். குவான் யூ இரட்டை அங்கவடியில் காலூன்றிக் குதிரையேறுவது பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. சாங்ஷாவில் கிடைத்த 302ஆம் ஆண்டுக் கல்லறைப் பாவையில் ஏறுவதற்குரிய ஒற்றை அங்கவடியே உள்ளது. காலம் உறுதியாகத் தெரிந்த இணை அங்கவடிகள் 415இல் இறந்த ஃபெங் சுஃபுவின் கல்லறையில் கிடைத்தவை. ஆயினும் இது எவரையும் தவறான சொல்லுக்கு இட்டுச் செல்லாத பிழை, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விளையாட்டுகளுக்குள் அமைந்த அருஞ்சொல் விளக்கங்களில், முக்கிளைக் கவசப் படத்தின் கீழ் ‘தாங் காலத்து ஷான்வென் கவசம்’ என்று எழுதப்படுவது அத்தகையதன்று. புனைவின் பகுதியாக வரும் உருவத்தை ஆடுபவர் புனைவாகவே கொள்வார். விளக்கக் குறிப்பை அவ்வாறு கொள்ளமாட்டார். அங்கிருந்து அச்சொல் நூல்களுக்கும் அகராதிகளுக்கும் செல்லத் தடையேதுமில்லை.

தமிழில் பெயர்ப்போர்க்கு இங்கு ஓர் ஆக்கம் உண்டு. இவற்றுக்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இன்னும் இல்லாமையால், ஹால்பர்ட்டின் தவற்றைத் தொடர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜி என்பதற்குக் ‘கிளைவேல்’ என்பது ஹான் கால வடிவத்துக்கும் சென் ஷோவின் ‘சிறு கிளை’க்கும் பொருந்தும், பிறை அலகுடைய பிற்கால வடிவத்தைப் ‘பிறைக் கிளைவேல்’ எனப் பிரித்துக் காட்டலாம். யான்யுவேதாவ் என்பதற்கு ‘நெடும்பிடிப் பிறைவாள்’ போதும். குவான் யூவின் பெயரை அதில் ஏற்ற வேண்டியதில்லை. சீனத்தில் ‘தாவ்’ ஒருபுறம் மட்டும் கூருடையது, ‘ஜியன்’ இருபுறமும் கூருடையது. தமிழின் ‘வாள்’ இரண்டையும் அடக்குவதால், வேறுபாடு கதைக்கு வேண்டப்படும் இடங்களில் ‘ஒருகூர்வாள்’, ‘இருகூர்வாள்’ எனலாம். ஷான்வென் மட்டும் ஒலிபெயர்ப்பாகவே நிற்பது நலம். ‘மலைவரிக் கவசம்’ என்று பெயர்த்தவுடன் படிப்பவர் மனத்தில் ஒரு வடிவம் தோன்றிவிடும். அவ்வடிவம் எதுவென்பதே இன்னும் முடிவாகவில்லை.